ஓடை வளைவில் சிவப்புத் துணி

பந்தயம் முடிந்த மறுநாள் எனக்கு எப்போதுமே சாப்பாடு இறங்காது. வாங்கி வைத்த இட்லியைத் தொடவில்லையே என்று நினைக்காதீர்கள், அய்யா. உட்காரவும் சொல்லாதீர்கள். உட்கார்ந்தால் என் வலது கால் தன்பாட்டில் தரையை மிதிக்கிறது. நடந்துகொண்டே சொல்கிறேன், ஏட்டு எழுதிக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் எங்கள் பஸ் முதலாளி என்னைக் கூப்பிட்டு, நம் ஆட்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று கேட்பார். நான் உள்ளதை உள்ளபடி சொல்வேன். சேலத்துத் துரைமார் நடத்துகிற மோட்டார் பந்தயத்தில் நம்மவர் வண்டி ஒன்று ஓடுவதே பெரிய காரியம். பூசி மெழுகினால் அடுத்த முறை மானம் போகும். இந்தத் தடவை முதலாளி கேட்கவில்லை, என் முகத்தையே பார்க்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள். வழக்கப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மெக்கானிக் செல்லமுத்து. சனிக்கிழமை ஓட்டத்தில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அவன் பதறவில்லை. ஈரச் சாக்கைப் போட்டு ஆறவைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியைப் புதுசு மாதிரி கொண்டுவந்து நிறுத்தினான். பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அவன் சோதித்த பிறகு நானும் சோதித்தேன். வண்டியில் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது கருப்பண்ணன், நீங்கள் உள்ளே பூட்டி வைத்திருக்கிற மலைக்காரன். சேந்தமங்கலத்திலிருந்து அடிவாரத்துக்குப் போகிற ரோட்டில், மலைப்பாதை இறங்கி வந்து சேருகிற இடம்தான் ஓடை வளைவு. பாறை மறைப்பதால் வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. இடது கைப்பக்கம் ஆழமான ஓடை. பாறை மேல் கருப்பண்ணன் நிற்பான். ரோட்டில் ஆடு மாடோ ஆளோ வந்தால் சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடிப்பான். துணி தெரியவில்லை என்றால் ரோடு காலி. சனிக்கிழமை ஒரு ஆட்டு மந்தைக்கு நேரத்தோடு தூக்கினான், வண்டி ஓட்டிய வேலப்பனும் நிறுத்தினான். கருப்பண்ணன் மேலும் குறையில்லை.

அந்தப் பாறையில் ஆள் நிறுத்துவதே என்னால் வந்த ஏற்பாடு. போன வருஷம் அந்த வண்டியை ஓட்டியவன் நான். வளைவில் பெருமாயி என்ற விறகுக்காரி குறுக்கே வந்துவிட்டாள். பிரேக்கை முழுசாக மிதித்தேன். வண்டி அவள் மேல் ஏறித்தான் நின்றது. அந்த வேகத்தில் அங்கே யாராலும் திருப்ப முடியாது, அய்யா. துரைமாரும் அதைத்தான் சொன்னார்கள். கேஸ் ஆகவில்லை. ஆனால் முதலாளி ஸ்டியரிங்கை முள்ளுக்குறிச்சி வேலப்பனிடம் கொடுத்துவிட்டு, என்னை ஆட்களைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்.

வேலப்பன் நன்றாக ஓட்டுவான். கொஞ்சம் அவசரக்காரன், ஆனால் கை சுத்தம். ஆட்டு மந்தைக்கு நின்றும் சனிக்கிழமை இரண்டாவதாக வந்தான். ஒரு துரை அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது, இல்லையென்றால் பொய். ஆனால் நடந்ததற்குக் காரணம் அது இல்லை. சாயங்காலம் சாப்பிடும்போது, என் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டே அவன் ஒன்று சொன்னான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. போன வருசம் நானா இருந்தா, வண்டிய ஓடைக்குள்ள உட்டிருப்பனுங்க."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவன் கிண்டல் பண்ணவில்லை. ஒரு வருஷமாக டீக்கடையிலும் பஸ் ஷெட்டிலும் எல்லார் கண்ணிலும் இருந்தது அதுதான், வாய் திறந்து சொன்னவன் இவன் ஒருத்தன். சொல்லிவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?" என்றும் கேட்டான். போடு என்றேன்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது கருப்பண்ணன் வந்தான்.

"ஏனுங்கண்ணா, நாளைக்கு உச்சிப் பொழுதுல எங்க சாமி குடை ஓடைக்கு எறங்குதுங்க. அந்நேரத்துக்கு நான் துணியக் கையில புடிக்க முடியாதுங்க. வேற ஆரையாச்சும் நிறுத்திப் போடுங்க."

மலைமேல் தேவனூர் நாட்டில் அவன் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம். சாமி குடை கடக்கும்போது கையில் எதுவும் இருக்கக்கூடாது, தலையில் துணி இருக்கக்கூடாது. கொடுவாளானாலும் கைப்பிள்ளையானாலும் கீழே இறக்கிவிட்டு, முகம் மண்ணில் படக் கிடக்க வேண்டும். குடை தாண்டாமல் எழுந்திருக்க மாட்டார்கள். இடி விழுந்தாலும் சரிதான். எனக்கு இது வருஷக்கணக்காகத் தெரியும்.

நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் இடத்தில் நின்றால் போதும் என்றேன். அவன் நிம்மதியாகப் போனான். அப்படி ஒன்றும் அவன் என்னிடம் சொல்லவேயில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். சொன்னான், அய்யா.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டி எப்போது ஓடும் என்று துரைமார் கேட்டார்கள். கடைசியாக விடலாம் என்றேன். வண்டி புறப்படுகிற ஏரிக்கரை மேட்டில் ஏறி நின்றால் வளைவின் இரண்டு பக்கமும் தெரியும். வண்டிக்குள் இருக்கிறவனுக்குத் தெரியாது. எல்லாம் தயார் என்று துரைக்குக் கை காட்டுவது என் வேலை. மலையில் பம்பைச் சத்தம் கேட்டது. டயரைப் பார்க்கிறவன் போல மேட்டிலிருந்து இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். வேலப்பன் பொறுமையில்லாமல் ஹாரனை அடித்தான். குடை ரோட்டுக்கு வந்து, கருப்பண்ணன் துணியைக் கீழே வைத்துவிட்டுப் பாறையில் குப்புறப் படுத்ததும், கையைக் காட்டினேன்.

வேலப்பன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. அவனும் பிரேக்கை மிதிக்கட்டும், மிதித்தும் நிற்காமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவனால் யார் இலையிலும் குழம்பு ஊற்றிக்கொண்டு அப்படிப் பேச முடியாது. நடுரோட்டில் பிள்ளைகுட்டிகளோடு கிடந்தவர்களில் சிலருக்கு அடிபடும் என்று தெரியும். பெருமாயி செத்ததைப் பொறுத்துக்கொண்ட ஊர் இதையும் பொறுத்துக்கொள்ளும் என்று இருந்தேன்.

ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. வண்டி வளைவுக்குப் போனது, அடுத்த மூச்சில் ஓடைக்குள் கிடந்தது. ஜனங்கள் குடை தாண்டும்வரை முகத்தை எடுக்கவில்லை. எழுந்த பிறகுதான் ஓடையை எட்டிப் பார்த்தார்கள். முதலில் இறங்கியவன் செல்லமுத்து. வேலப்பனின் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடவில்லை, இடப்பக்கமாகக் கடைசிவரை ஒடித்த மாதிரியே இறுகிக் கிடந்தது என்று அழுதுகொண்டே சொல்கிறான். அவன் பாசக்காரன், அப்படித்தான் சொல்வான்.

கருப்பண்ணனை விட்டுவிடுங்கள். மலைக்காரன், அடைத்து வைத்தால் தாங்கமாட்டான். துணியில்லாத நேரம் பார்த்து வண்டியை விட்டவன் நான். வேலப்பனைக் கொன்றவனும் நான்தான். தூக்கானாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன்.

ஏட்டு எழுதியதை இப்போது வாசித்தாரே, அதில் ஒரே ஒரு இடம் தப்பாக இருக்கிறது. வேலப்பன் வண்டியை ஓடைக்குள் திருப்பினான் என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள், அய்யா. அந்த வளைவில் யாராலும் திருப்ப முடியாது. வண்டி தானாகத்தான் போயிருக்கும்.