முயல் தின்ற முட்டிவலி மாத்திரை

ஒரு முயலின் உயிர் ஊசலாடியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தவன் நான், இன்றும் உறுத்துகிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் செல்லும் பேருந்தில், முன் இருக்கையில் கணவன், மனைவி. அவள் மடியிலிருந்த கூடையில் முயல்.

“நேத்துலேருந்து இது ஒண்ணுக்கே போகல. உங்க முட்டிக்குக் கம்பெனி டாக்டர் குடுத்த கால்சியம் மாத்திரையெல்லாம் எங்க?”

“கீரையில வச்சு அதுக்குக் குடுத்துட்டேன்.”

“அதுக்கென்ன முட்டி வலியா?”

“வீணாப் போகக் கூடாதுன்னுதான்…”

“அதான் ஒண்ணுக்குச் சுண்ணாம்பாட்டம் போயி, இப்ப அடைச்சுக்கிச்சு. மாட்டு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லணும். மறைச்சீங்கன்னா இது செத்துரும்.”

“சொல்றேன். கம்பெனி டாக்டர் காதுக்கு மட்டும் போகக் கூடாது.”

பேருந்து பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. அவள் துள்ளி எழுந்தாள்.

“ஒண்ணுக்குப் போயிருச்சுங்க! புடவையெல்லாம் நனைஞ்சுபோச்சு! இனிமே இதுக்குப் புல்லும் தண்ணியுந்தான்.”

கணவர் கூடையைக் கும்பிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அப்ப மாட்டு டாக்டர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாமில்ல?”