தண்ணீரில் வெடித்த இரும்பு

ராவாங்கிலிருந்து புக்கிட் செந்தோசா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு பெண் தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தண்ணியில போட்டதாலதான்க்கா வெடிச்சுச்சு."

"ஏண்டி, இரும்பு தண்ணியில வெடிக்குமா?"

"சிவக்கச் சூடாக்கி தண்ணியில முக்குவோம்க்கா, அப்பதான் கெட்டியாகும். பழைய இரும்புக்கு அது சரி. புதுசா வந்ததுல குரோமியம், மேங்கனீஸ் ஜாஸ்தி. அது மெதுவா ஆறினாலே கெட்டியாயிடும். சட்டுனு குளிர வெச்சா விரிசல் விட்டுரும். அந்த இரும்போட வந்த பேப்பர நான்தான் படிச்சுப் பார்த்தேன். எண்ணெயில முக்குங்க, அதுல மெதுவா ஆறும்னு சொன்னேன்."

"கேட்டாங்களா?"

"இஞ்சினியர் சிரிச்சாரு. 'நீ செக்கிங் ஆளு லா, உனக்கு எதுக்கு இது'ன்னாரு. மூணு நாளா எல்லாம் வெடிச்சதும் அவரே வந்து, 'சரி, நீ சொன்ன மாதிரியே போடுவோம்'னாரு."

"அப்புறம்?"

"இன்னைக்கு நாப்பது ஷாஃப்ட் கம்பிய எண்ணெயில போட்டோம். ஒவ்வொண்ணா துடைச்சு, லைட்டு அடிச்சுப் பார்த்தேன். ஒண்ணுல கூட விரிசல் இல்லக்கா. எல்லாரும் இருக்கும்போதே இஞ்சினியர் எனக்குக் கைகொடுத்தாரு."

அக்கா சீட்டில் முழுதாகத் திரும்பி, முன்பின் தெரியாத என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"என் தங்கச்சி."