சேவ் அமுக்கியது அவர் கைதான்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் பழசு என்றாலும் நல்லது, சார். பழியை அதன்மேல் போட்டுவிடாதீர்கள்.

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான், பாலகுமார். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வாட்சர் மூக்கன் போன் செய்து, காட்டெருமை எந்த நம்பர் தேயிலைக் காட்டில் நிற்கிறது என்று சொல்வார். மறுநாள் வேலை நோட்டீசை ஹெட் கிளார்க் ஹெர்பர்ட் மதியமே அடித்து வைத்திருப்பார். அதன் அடியில், அந்த நம்பருக்குப் போகக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பார். காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் அந்தத் தாளைத்தான் படிப்பார்கள்.

போன வருடம் என் தங்கை வனிதா நாலாம் நம்பரில் கொழுந்தெடுக்கப் போய், காட்டெருமை முட்டிச் செத்தாள். விறகு பொறுக்கத் தானாகப் போனாள் என்று ஹெர்பர்ட் ரிப்போர்ட் எழுதினார். நோட்டீஸ் அடிக்கும் எடிட்டர் புரோகிராம் பழைய பிரதிகளையும் வைத்திருக்கும். அவள் சாவதற்கு முந்தின நாள் நோட்டீசைத் தேடிப் பார்த்தேன். நாலு பத்துக்கு அந்த வரி இருந்தது, நாலரைக்கு இல்லை. நேராகப் போய்க் கேட்டேன்.

“இலை முத்திப்போச்சுங்க தம்பி. ஒரு நாள்தானேன்னு எடுத்துட்டனுங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க,” என்றார். கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தார். சரிங்க என்று வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவரே வந்தார். “ஏனுங்க தம்பி, சேவ் பண்ணுனா பிரிண்டும் தானா வர்ற மாதிரி பண்ண முடியுங்களா? ரெண்டு வாட்டி அமுக்கி வெரல் நோவுதுங்க.”

எடிட்டரோடு வரும் கட்டளைகள் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சேவ் என்றால் சேவ், அவ்வளவே. நான் அதைத் திறந்துவிட்டேன். சேவுக்கு முன்னும் பின்னும் அவரவருக்கு வேண்டிய வேலையைச் செருகிக்கொள்ளலாம். பக்கத்து மேஜை ரஞ்சனிக்குத் தேதி தானாக விழுந்தது. ஹெர்பர்ட்டுக்குப் பிரிண்ட் வந்தது. ஆபீசே மெச்சியது.

ஹெர்பர்ட்டின் சேவுக்கு முன்னால் மட்டும் இன்னொரு வேலையும் வைத்தேன். அவர் மகன் லெஸ்லி கீழ் டிவிஷன் சூப்பர்வைசர். காட்டெருமை வரியில் இருக்கும் நம்பரும் லெஸ்லிக்கு ஒதுக்கிய நம்பரும் ஒன்றானால், அந்த வரி போய்விடும். மற்ற நாளெல்லாம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஹெர்பர்ட் தாளைத் திரும்பிப் பார்க்கிற ஆளில்லை. சேவை அமுக்கிவிட்டுப் பையோடு கிளம்பிவிடுவார். அப்பாவை விட்டுத் தனியாக இருந்த லெஸ்லி வீட்டில் செல்போன் டவரும் கிடையாது, ராத்திரி பேசிக்கொள்ள வழியில்லை.

ஐந்து மாதம் காத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர் ஒத்துப்போனது. தாள் வெளியே வந்ததும் எடுத்துப் படித்தேன். வரி இல்லை. நானே போர்டில் குத்தினேன். மறுநாள் காலையில் லெஸ்லி முன்னே போக, பின்னால் ஒன்பது பெண்கள் போனார்கள். கருப்பம்மா அக்கா நின்று திரும்பி, “தம்பி, சாப்பிட்டியா?” என்றார். வனிதா போன பிறகு மூன்று மாதம் எனக்குச் சோறு போட்டவர் அவர். சாப்பிட்டேன் அக்கா என்றேன்.

ஹெர்பர்ட் ஆஸ்பத்திரி வாசலில் மண்ணில் உட்கார்ந்து, “அந்த வரிய அடிச்சனே, என்ற கையாலதான அடிச்சேன்,” என்று கதறினார். அதைப் பார்க்கத்தான் இத்தனையும் செய்தேன். பார்க்க நன்றாக இருந்தது.

லெஸ்லியைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கருப்பம்மா அக்கா செத்ததை மட்டும் என்மேல் எழுதாதீர்கள், சார். நான் எழுதிய கட்டளையில் அவர் பெயரே இல்லை.