தற்காலிக டேபிளில் ஏழாம் எண்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத்தின் உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் உறவினர்களே, என்னோடு ஒரே கூடத்தில் வேலை பார்க்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்திருக்கிறேன்; அதைப் படிக்கிறேன். இடையில் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். "அஞ்சு நிமிஷத்துல வரேன், ஃபேனை நிறுத்திடாதீங்க" என்றார். மாடிப்படியில் பாதி இறங்கியவர் அங்கேயே உட்கார்ந்தார். அவ்வளவுதான், போய்விட்டார். நாற்பத்தொரு வயது! நம்ப முடிகிறதா உங்களால்? என்னால் முடியவில்லை. அந்த ஃபேனை மறுநாள் காலை வரை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த யாருக்கும் கை வரவில்லை.

நம் தரவுத்தளப் பொறியாளர். நாம் எல்லோரும் "துடைப்பம் அண்ணன்" என்று கூப்பிட்ட மனிதர். வெளியிலிருந்து வந்திருப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அது அவராகத் தேடிக்கொண்ட பெயர்.

நாங்கள் நடத்துவது சிகிச்சை உதவிக்கு விண்ணப்பிக்கும் இணையதளம். படிவம் பதினான்கு பக்கம். நோயாளியோ, நோயாளியின் வீட்டாரோ உட்கார்ந்து நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். ஒன்பதாம் பக்கத்தில் எல்லாம் அழிந்துபோனால் மனிதருக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். முன்பு அப்படித்தான் அழிந்துகொண்டிருந்தது. பாதி நிரப்பியது எல்லாம் சர்வரின் நினைவில் மட்டும் இருந்தது. சர்வரை நிறுத்தி ஓட்டினால் போயிற்று.

அதை மாற்றியவர் அண்ணன். பாதிப் படிவங்களுக்கென்று டேட்டாபேஸில் தனியாக ஒரு தற்காலிக டேபிள், அதாவது ஓர் அட்டவணை, போட்டார். ஒருவருக்கு ஒரு வரி. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வராவிட்டால், மணிக்கு ஒருமுறை ஓடும் ஒரு சின்ன நிரல் அந்த வரியை அழித்துவிடும். அந்த நிரலுக்கு அவர் வைத்த பெயர்தான் துடைப்பம்.

அதில் அவர் ஒரு தவறும் செய்தார். அதை மறைத்தால் அவருக்கே பிடிக்காது. எழுபத்திரண்டு மணி நேரத்தை, கடைசியாகத் தொட்ட நேரத்திலிருந்து எண்ணாமல் முதலில் திறந்த நேரத்திலிருந்து எண்ணிவிட்டார். மூன்றாம் நாள் வந்து தட்டிக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே படிவம் காலியானது. யார் யாருடையது போனது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை, அழிந்தது அழிந்ததுதான். நிரலைத் திருத்திய பிறகு அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? முகப்புப் பக்கத்தில் தன் தொலைபேசி எண்ணைப் போட்டார். "உங்கள் படிவம் அழிந்ததற்கு நான் செய்த தவறே காரணம். கூப்பிடுங்கள்" என்று எழுதினார்.

இருபத்தாறு பேர் கூப்பிட்டார்கள். முதல் அழைப்பு எனக்கும் கேட்டது.

"ஏம்ப்பா, நீதானா அந்தப் பாவி?"

"ஆமாம்மா, நான்தான் அந்தப் பாவி. சொல்லுங்க, முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம்."

இருபத்தாறு பேருக்கும் அவரே உட்கார்ந்து படிவத்தை டைப் செய்து கொடுத்தார். எந்தப் பெரிய பொறியாளர் இதைச் செய்வார்?

அவரிடம் ஒரு பிடிவாதமும் இருந்தது. பாதிப் படிவத்தில் இருப்பதை யாரும் படிக்கக் கூடாது. அவசரமென்றால் இரண்டு பேர் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒருமுறை நம் விற்பனைப் பொறுப்பாளர், இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார், அண்ணனிடம் வந்து நின்றார்.

"பாதியில விட்டவங்க நம்பரை மட்டும் குடு. கூப்பிட்டு முடிக்கச் சொல்றேன். அவங்களுக்கும் நல்லதுதானே?"

"அவங்க இன்னும் நம்மகிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"டைப் பண்ணியிருக்காங்களேய்யா!"

"நீங்க சொல்ல வந்து முழுங்கின பேச்சையெல்லாம் உங்க வீட்டுல கணக்குல எடுத்துக்கிட்டா, நீங்க இன்னிக்கு வீட்டுக்குப் போக முடியுமா?"

கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் போனார். மூன்று வருடமாக அந்த நோட்டில் ஒரு கையெழுத்தும் விழவில்லை.

இந்த வாரம் விழுந்தது.

புதன்கிழமை காலை அண்ணனின் வேலையை நான் பார்க்க வேண்டியிருந்தது. தற்காலிக டேபிளைத் திறந்தேன். உள்ளே இருப்பது தெரியாது; பயனர் எண்ணும், கடைசியாகத் தொட்ட நேரமும் மட்டும் தெரியும். ஒரு வரியில் எண் ஏழு. செவ்வாய், நான்கு ஐம்பது. ஏழு என்பது அண்ணனின் சொந்த எண்.

எழுந்து போவதற்குப் பத்து நிமிடம் முன்பு, சிகிச்சை உதவிக்கான படிவத்தை அண்ணன் நிரப்பியிருக்கிறார்! யாருக்காக? அவருக்கே ஏதாவது இருந்ததா? தெரிந்தும் பேசாமல் இருந்தாரா? அல்லது எப்போதும் போல, வேலை செய்கிறதா என்று பார்க்க "அஆஇஈ" என்று தட்டி வைத்தாரா?

உரிமையாளர் அவர்களிடம் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து முதல் கையெழுத்தைப் போட்டார். "ஏழு வருஷம் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்மா. அவனுக்கு உடம்பு சரியில்லைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல? நான் என்ன மனுஷன்?" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. இரண்டாவது கையெழுத்து என்னுடையது. என் பெயரின் முதல் எழுத்தை எழுதியும்விட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. "அண்ணியைக் கேட்டுட்டு வரேன் சார்" என்றேன்.

நேற்று அண்ணியின் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"திறந்தா படிக்கலாமா?"

"படிக்கலாம் அண்ணி. ஆனா சும்மா அஆஇஈன்னும் இருக்கலாம்."

"இருக்கும். பேனா எழுதுதான்னு பார்க்க என் பேரைத்தான் கிறுக்குவாரு." சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எப்ப வரைக்கும் இருக்கும்?"

"வெள்ளிக்கிழமை நாலு அம்பதோட கெடு முடியுது. அஞ்சு மணிக்குத் துடைப்பம் ஓடும். வேணும்னா நிறுத்தி வைக்கலாம்."

"நாளைக்குச் சொல்றேன்."

இன்று மூன்று மணிக்கு, இந்தக் கூடத்தின் வாசலில் சொன்னார். இங்கே சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

"அனுப்புறதுக்கு பட்டன் அங்கதானே இருந்துச்சு?"

"ஆமா அண்ணி."

"அவர் அமுக்கலை. என்கிட்டயும் சொல்லலை. யோசிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. பாதி யோசனையில போய் அவர் கையில இருந்து நான் பிடுங்க மாட்டேன்மா. திறந்து அஆஇஈன்னு இருந்தாலும் அழுவேன், வேற ஏதாவது இருந்தாலும் அழுவேன். எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு ரொம்பத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நீ நிறுத்தாதே."

அண்ணி, நீங்கள் "திற" என்று சொல்லியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது. உங்களுக்கு இருக்கிறது.

தோழர்களே! நம்மில் யாருக்கும் இனி அது தெரியப்போவதில்லை. அண்ணன் நோயோடு இருந்தாரா, இல்லையா? தெரியாது. இந்தத் தெரியாமையோடுதான் திங்கட்கிழமை நாம் வேலைக்கு வர வேண்டும். எனக்கு அது பயமாக இருக்கிறது. ஆனாலும் வருவோம். பாதியில் எழுந்து போனவர் திரும்பி வந்தால் அவர் விட்ட இடம் அங்கே இருக்கும். கடைசியாகத் தொட்ட நேரத்திலிருந்தே மணியை எண்ணுவோம். அவர் அனுப்பாததை நாம் படிக்க மாட்டோம். யார் கேட்டாலும், எவ்வளவு நியாயமாகக் கேட்டாலும். நாம் தவறு செய்தால் நம் தொலைபேசி எண் முகப்பில் இருக்கும். இந்த உறுதியை அண்ணனின் பெயரால், அண்ணியின் முன்னால் நான் எடுத்துக்கொள்கிறேன். உரிமையாளர் அவர்கள் தலையசைக்கிறார். நன்றி சார்.

இப்போது மணி நான்கு நாற்பது. ஐந்து மணிக்கு அண்ணி மாடிக்கு, என் இருக்கைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். பெரிதாகப் பார்க்க ஒன்றும் இருக்காது. சத்தமும் வராது. ஏழாம் எண் இருந்த இடத்துக்கு அதற்கு அடுத்தவருடைய வரி மேலே ஏறி வந்து நிற்கும். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.