மூன்றாம் மாடியில் பன்னிரண்டு விளக்குகள்

இரவு ஒன்றே முக்கால். ஒரகடம் கூட்டுரோட்டை விட்டு உள்ளே மூன்று கிலோமீட்டர். வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவே ஒற்றைத் தார் ரோடு, அதன் முடிவில் ஒரு பொறியியல் கல்லூரி. நெருங்கி உட்காருங்கள். நம்மோடு பேக்கிங் லைனில் நிற்கிறாளே மாரிசெல்வி... அவளுடைய பெரியப்பா கொம்பையாவுக்கு நடந்தது இது. கோவில்பட்டிக்காரர். அங்கே ராத்திரி வாட்ச்மேன்.

அது பசுமைக் கட்டடம். சுவர் மூச்சுவிடும், கூரை மழை குடிக்கும் என்று வாசலில் கல்வெட்டே உண்டு. மூச்சுவிடுகிற சுவருக்குள்ளே பிள்ளைகள் வேர்த்துக் கொட்டுவார்கள். பசுமை அதிகாரி ஹேமந்த் அறையில் மட்டும் ஏசி ஓடும். விளக்குகளுக்குச் சுவிட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் எரியும். அசைவு நின்றால் இரண்டே நிமிடம், அணைந்துவிடும்.

வினையே அதில்தான். தினமும் ஒன்றே முக்காலுக்கு மூன்றாம் மாடியில், மேற்குக் கோடியிலிருந்து ஒவ்வொரு விளக்காக எரிந்துகொண்டே வரும்... படிக்கட்டு வரைக்கும். அங்கே நின்றுவிடும்.

ஒரு நாள் ஹேமந்த் கூப்பிட்டார். மறுநாள் பசுமைக் கட்டட விருதுக் குழு வருகிறது. இன்னும் ஒரு ராத்திரி ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் வேலை கிடையாது என்றார்.

“நா மாடிப் பக்கம் எங்க சார் போனேன்... முட்டு வலில்லா.”

“சென்சார் பொய் சொல்லாது, கொம்பையா. ஜெர்மனி சரக்கு.”

அறுபதை நெருங்குகிறவருக்கு வேறு எந்த கேட்டில் நாற்காலி போடுவார்கள்? வெளிச்சம் இருக்கும்போதே, முட்டியைத் தடவிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி, அங்கிருந்த பன்னிரண்டு சென்சார் கண்களிலும் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு இறங்கினார்.

ஒன்றே முக்கால். கீழ்த்தளத்தில், படிக்கட்டு தெரிகிற நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மேலே கும்மிருட்டு. கொம்பையா தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அப்புறம்... இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய விளக்கு எரிந்தது.

இத்தனை நாள் படிக்கட்டோடு நின்றது, இறங்குகிறது.

முதல் மாடி. பிறகு கீழ்த்தளம். வற்றின ஏரியில் அடிக்குமே, அந்தச் சேற்று வாடை. டைல்ஸ் மேல் ஈரக்கால்... சளக்... சளக்... ஒவ்வொரு விளக்காக, அவரைப் பார்த்து. கடைசியில் அவர் தலைக்கு மேல் இருந்ததும் எரிந்தது. எதிரே யாரும் இல்லை.

கொம்பையா நாற்காலியோடு நாற்காலியாக இறுகிப்போனார். இரண்டு நிமிடம் பல்லைக் கடித்தால் விளக்கு அணையும், அதுவும் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. காதோரம் மட்டும் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

மறுநாள் கல்லூரிக்கு விருது வந்தது. கொம்பையாவுக்கு வேலை போனது. கோபம் வந்தால் ஹேமந்துக்கு ஜெர்மனி மறந்து ஒரகடம் வந்துவிடும்.

“ராத்திரி பூரா சேரைச் சுத்தி இன்னா டான்ஸ் ஆடிகினு இருந்தியா?” என்று சென்சார்கள் பதிந்துவைத்த கம்ப்யூட்டர் அறிக்கையை நீட்டினார்.

கீழ்த்தளம், வாட்ச்மேன் நாற்காலி. 1.52 முதல் 5.40 வரை. இடைவிடாத அசைவு.

விடிகிறவரை கொம்பையா ஒரு விரலைக்கூட அசைத்திருக்கவில்லை.