சரியா நோகுது

சியர்லீடிங் அணியைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு என்னால் கொடுக்கக்கூடிய உருப்படியான ஆலோசனை ஒன்றுதான். பிள்ளைகள் கையில் பிடித்து ஆட்டுகிற பொம்பொம்களை முதலிலேயே வாங்கி ஒரு பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். ஒரு பிள்ளையின் முகத்தை மறைப்பதற்கு அந்தப் பிளாஸ்டிக் பந்தைவிடச் சிறந்த பொருளை மனிதகுலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. முதல் நாள் நான் இருநூற்றுப் பத்துப் படம் எடுத்தேன். நூற்றைம்பதில் முகமே இல்லை. மிச்சத்தில் கண் மூடியிருந்தது. சில படங்களைப் பார்த்தால் மூடியிருந்தது என்னுடைய கண் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

2017இல் நான் கலைக் கல்லூரியில் புகைப்படம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன். கல்லூரியில் வெளிச்சத்தின் தத்துவம் படித்தேன். தொழிலைப் படித்தது தயாபரன் அண்ணையிடம். சுவிஸில் பாசலில் இருந்து ஜெனீவா வரை எந்த மண்டபத்தில் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு நடந்தாலும் அவருடைய கமராதான் போகும்; கமராவுக்குப் பின்னால் லைட்டைத் தூக்கிக்கொண்டு நான் போவேன். ஆல்பம் செய்கிற வேலையும் எனக்குத்தான். ஒரே பிள்ளையை ஐந்து உடுப்பில் ஐந்து பேராக நிறுத்தித் தனக்குத்தானே ஆரத்தி எடுக்க வைத்திருக்கிறேன். பரு, பல்லுக்கம்பி, பின்னால் நின்று பியர் குடிக்கிற விருந்தாளி எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் அழித்திருக்கிறேன். ஒருமுறை ஒரு சித்தப்பாவையே அழித்தேன். குடும்பத்தில் ஏதோ கோபமாம்.

பிரெஞ்சும் ஜெர்மனும் பேசுகிற பீல் நகரத்து விளையாட்டுக் கழகம் ஒன்றின் இளையோர் சியர்லீடிங் அணிக்கு அக்டோபரில் போட்டி. நிகழ்ச்சிப் புத்தகத்துக்குப் படங்கள் வேண்டும். எனக்கு ஆண்டிறுதி வேலைக்கு ஆட்கள் வேண்டும். கல்லூரி கொடுத்த தலைப்பு 'பாரம்'. அணியின் கோச் மிரேய், வாரநாட்களில் மஞ்சள் ஸ்கூட்டரில் தபால் போடுகிறவர், என்னைப் பார்த்ததும் நம்பிவிட்டார். என் முகம் அப்படி. முட்டாள்தனமான முகம் என்று என் தங்கை சொல்லுவாள்.

என்னிடம் ஐடியாக்களுக்குக் குறைவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளையும் தரையில் வட்டமாகப் படுக்க வைத்து மேல்மாடியில் நின்று எடுத்தால் மணிக்கூட்டு முகம். மணிக்கூடு செய்கிற ஊருக்குப் பொருத்தமான ஐடியா. அன்றைக்குப் பதினொரு பேர்தான் வந்தார்கள்.

"அண்ணா, அப்ப எங்கட மணிக்கூட்டில ஏழு மணி இல்லையோ?" என்று கீழே இருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது.

"இல்லை."

"நல்லம். அம்மாக்கு ஏழு மணிக்குத்தான் வேலை தொடங்கிறது. சொன்னாச் சந்தோசப்படுவா."

அதுதான் மாயா. அணியில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை. பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள், தமிழ் கதைப்பாள், எழுத வாசிக்கத் தெரியாது. அவளுடைய தாய் சிவகலா அக்கா மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக முள் பூட்டுகிறார். மாயாவுக்கு அந்த ஓகஸ்டில் மணிக்கூடு செய்கிற தொழிற்பயிற்சி தொடங்க இருந்தது. நான்கு வருடம் படித்தால் முழு மணிக்கூட்டையும் கழற்றிப் பூட்டுகிற ஆள். தேர்வு வாரத்தில் கசகசாவைவிடச் சிறிய ஆணியை இடுக்கியால் பிடித்து நாற்பது தடவை இடத்தில் வைத்தாளாம், ஒன்றும் விழவில்லையாம். "நான் முள்ளு மட்டும்தான் பூட்டுறன் தம்பி, என்ர பிள்ளை முழு மணிக்கூடும் பூட்டுவா" என்று சிவகலா அக்கா பஸ்ஸில் எனக்குச் சொன்னார். பிறகு முன் சீட்டில் இருந்தவருக்கும் சொன்னார். அவர் போர்த்துக்கீசர்.

மணிக்கூட்டு ஐடியா தோற்ற பிறகு பிள்ளைகளுக்கு மேலே மாவை வீசிப் படம் எடுத்துப் பார்த்தேன். மாவும் வியர்வையும் சேர்ந்தால் என்ன வரும் என்று சமைக்கத் தெரிந்த எவரையாவது கேட்டிருக்கலாம். பிறகுதான் எனக்கு அந்தப் புரட்சிகரமான சிந்தனை வந்தது. சியர்லீடிங்கில் எல்லோரும் மேலே தூக்கப்படுகிறவளைத்தான் எடுக்கிறார்கள். நான் கீழே நின்று தூக்குகிறவர்களை எடுப்பேன். உழைக்கும் வர்க்கம், குடிபெயர்ந்தவர்களின் தோள், இந்த நாட்டை யார் தூக்கி நிறுத்துகிறார்கள் என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் 'வலுவானது' என்று எழுதினார். அப்போது படம் ஒன்றுகூட இல்லை.

மாயா தூக்குகிறவள். லெனா என்ற மெலிந்த பிள்ளை மேலே போவாள். மாயாவும் இன்னொருத்தியும் ஆளுக்கு ஒரு பாதத்தைத் தலைக்கு மேலே ஏந்திப் பிடிப்பார்கள். பின்னால் ஒருத்தி இடுப்பைத் தாங்குவாள். பார்க்க அழகுதான். ஆனால் எனக்கு ஒரு தொழில்முறைச் சிக்கல் வந்தது. அவர்கள் சிரித்தார்கள். எந்தப் பாரம் வந்தாலும் பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்றுதான் அவர்களைப் பழக்குகிறார்கள். சிரிக்காவிட்டால் போட்டியில் புள்ளி குறையும். நான் 'பாரம்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன், இவர்கள் பற்பசை விளம்பரம் மாதிரி நிற்கிறார்கள்.

"சிரிக்காமல் தூக்கேலாதோ?" என்று மாயாவைக் கேட்டேன்.

"சிரிக்காட்டித் தூக்க வராது அண்ணா. முகமும் கையும் ஒரே வயர்."

ஜூன் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, பின்னேரம் ஆறு மணி, ஏரிக்கரைப் புல்வெளி. காலையில் மழை பெய்திருந்தது. மிரேய் சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலோடு புல்லில் நடந்து பார்த்தார். குனிந்து உள்ளங்கையை வைத்தும் பார்த்தார். காய்ந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் நீல மெத்தைகளை விரித்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

மாயா வலது மணிக்கட்டில் தோல் நிறத்தில் ஒரு பட்டி கட்டியிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை திரும்பினது. மிரேயிட்டச் சொல்லிப்போடாதேங்கோ, வியர்வைக்குக் கட்டினது எண்டு சொல்லியிருக்கிறன். தெரிஞ்சா ரெண்டு மாசம் நிப்பாட்டிப் போடுவா, பிறகு போட்டியும் இல்லை."

"படத்தில வடிவில்லை. ஒரு அஞ்சு நிமிசம் கழட்டன்."

கழற்றினாள். அந்தப் பட்டியைக் கொம்பியூட்டரில் அழிக்க எனக்கு நாற்பது நொடி ஆகும். ஊகமாகச் சொல்லவில்லை. கழற்றுவதற்கு முன்னால் எடுத்த படங்களில் அன்றிரவே அழித்தேன், அப்போது பார்த்த நேரம் அது. சித்தப்பாவுக்குத்தான் ஒரு மணித்தியாலம் எடுத்தது.

பட்டி இல்லாமல் முதல் தடவை தூக்கியபோது கமராவுக்குள் ஒன்றைக் கண்டேன். மாயாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் இடது கண்ணின் ஓரம் அதற்குள் சேரவில்லை. இரண்டாம் தடவை கீழுதடும் சேரவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையான ஒன்று வரப்போகிறது என்று கலைஞர்களுக்குத் தெரியும் என்பார்கள். எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது. "இன்னொருக்கா" என்றேன். லெனாவின் தலைமயிர் சரியில்லை என்றேன். பின்னால் ஒரு படகு வருகிறது, போகட்டும் என்றேன். படகு எதுவும் வரவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏரியை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒன்பதாவது தடவைக்குப் பிறகு மாயா தண்ணீர் குடிக்க என் பக்கம் வந்தாள். கோச்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போத்தலை வாயில் வைத்தபடியே சொன்னாள்.

"அண்ணா, கை சரியா நோகுது. ஏதாவது சொல்லி நிப்பாட்டுங்கோ."

எங்கள் பேச்சில் 'சரியா' என்றால் மிகவும் என்று பொருள். சரியான குளிர், சரியான சனம், சரியா நோகுது. சாதாரணத் தமிழ். தயாபரன் அண்ணை வீட்டில் கதைக்கிற தமிழைவிடச் சுத்தம்.

மிரேய்க்குத் தமிழில் ஒரு சொல் தெரியும். மாயாவிடம் பழகியது. தூக்குவதற்கு முன்னால் அவளைப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தி, "சரி?" என்று கேட்பார், மாயா "சரி" என்பாள், மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது எட்ட நின்ற மிரேயின் காதில் மாயாவின் வாக்கியத்தில் இருந்து தனக்குத் தெரிந்த அந்த ஒரு சொல் மட்டும் விழுந்திருக்க வேண்டும். அவருடைய முகம் மலர்ந்தது. கட்டை விரலை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"சரி?" என்றார்.

அந்த இடத்தில் அவள் சொன்னது விளங்கிய ஆள் நான் ஒருவன்தான். வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஏழு மணிகூட ஆகவில்லை, ஆனால் வெளிச்சத்தைப் பற்றிப் படப்பிடிப்புக்காரன் சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. மாயாவும் அதைத்தான் நம்பி வந்தாள். நான் யோசித்துப் பார்த்தேன். அடுத்த தடவை அந்தச் சிரிப்பு உடையும் என்று தெரிந்தது.

"சரி" என்றேன்.

மாயா என்னைப் பார்த்தாள். போத்தலை மூடி வைத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் நின்றாள்.

என் கமரா ஒரு நொடியில் எட்டுப் படம் எடுக்கும். மூன்று நொடி விரலை எடுக்கவில்லை. பத்தாவது படத்தில் சிரிப்பு போய்விட்டது. பதினான்காவது படத்தில் லெனாவின் கால் சரிகிறது. அவளை விழ விடாமல் பிடிக்க மாயா வலது கையைக் கொடுக்கிறாள், பயிற்சி அப்படி. லெனாவுக்கு முழங்கையில் கீறல்கூட இல்லை. விழுகிற படங்களை நான் அழித்துவிட்டேன். அவற்றைக் காட்டுவது நாகரிகமில்லை.

மணிக்கட்டில் கஜுக்கொட்டை, அதாவது முந்திரிப்பருப்பு அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. மாயாவுக்கு உடைந்தது அதுதான். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு, உடைந்தால் பொருந்தக் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் பிரெஞ்சில் சொன்னார். நான் சிவகலா அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை, ஒன்றும் விடாமல். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்கள் இல்லாட்டி எனக்கு ஒண்டும் விளங்கியிராது."

கழகம் விசாரணை வைத்தது. மிரேய் தான் கேட்டதாகச் சொன்னார். அவர்களுடைய மொழியிலேயே கேட்டேன், சரி என்றார்கள் என்றார். என்னைக் கேட்டபோது, 'சரி' என்பது தமிழில் பல பொருள் உள்ள சொல், அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பயன்படுத்துவது ஆபத்து என்று விளக்கினேன். மாயாவிடம் கேட்டபோது, பட்டி விசயம் வெளிவந்துவிடும் என்று பயந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். ஜெர்மனில் நான் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் நான்கு வரி. காலையில் மழை பெய்தது, புல் ஈரமாக இருந்தது, மெத்தை வழுக்கியது, எல்லோரும் அதிர்ச்சியடைந்தோம். முதல் வரியும் நான்காவது வரியும் உண்மை. மிரேய் இப்போது தபால் மட்டும் போடுகிறார்.

தொழிற்சாலை பெருந்தன்மையாக நடந்துகொண்டது. ஒரு வருடம் இடத்தை வைத்திருந்தார்கள். இரண்டு சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாயா போய் இடுக்கியைப் பிடித்தாள். நாற்பது ஆணியில் இருபத்தாறு விழுந்ததாம். இப்போது அதே தொழிற்சாலையில், முடிந்த மணிக்கூடுகளைப் பெட்டிக்குள் வைக்கிற பிரிவில் வேலை. மணிக்கூட்டோடு தொடர்புள்ள வேலைதான் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

பத்தாவது படத்துக்குக் கல்லூரிப் பரிசு கிடைத்தது. சிவகலா அக்கா ஒரு பிரதி கேட்டார். பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்ர பிள்ளை எவ்வளவு பாரம் தூக்கினவள் எண்டு இதிலதான் தெரியுது" என்று சோபாவுக்கு மேலே மாட்டினார்.

திரும்பும்போது மாயா பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தாள். வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தாள்.

"அண்ணா, ஒண்டு கேக்கட்டோ? அண்டைக்கு நான் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

நான் பஸ் நேர அட்டவணையைப் பார்த்தேன்.

"சரியா நோகுது எண்டனான். நீங்கள் 'சரி' எண்டு நினைச்சிட்டீங்கள் போல. அம்மாவும் ஏசுறவா, உன்ர தமிழ் ஒருத்தருக்கும் விளங்காதெண்டு. பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

ஒரு மனிதனுக்கு இவ்வளவு அகலமாக யாரும் கதவைத் திறந்துவிட்டதில்லை. நான் கொஞ்சம் யோசிப்பது போல நின்றேன்.

"ஓம் மாயா. கொஞ்சம் பிழைதான்" என்றேன். "'கடுமையா நோகுது' எண்டு சொல்லியிருக்கோணும்."

அவள் அதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பஸ் வந்தது.

எங்கள் தமிழ் மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டார்கள். உண்மையை எழுதும் காலம் வந்துவிட்டது என்று தோன்றியது. மேலே 'சிறுகதை' என்று போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிவகலா அக்கா வாசிப்பார்; அவருக்கு மனம் நோகக்கூடாது என்று பெயர்களையும் ஊரையும் தொழிலையும் மாற்றிவிட்டேன். மிரேய்க்குத் தமிழ் தெரியாதது என் குற்றமில்லை. மாயா போன மாதம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாளாம். தன்னுடைய தமிழால் இனி ஒருவருக்கும் கரைச்சல் வரக்கூடாது என்று சொன்னாளாம். ஆறு வயதுப் பிள்ளைகளோடு கடைசி வாங்கில் உட்கார்ந்து, இடது கையால் 'அ' எழுதுகிறாள். இந்தப் பக்கங்களை எழுத்துக் கூட்டி வாசிக்க அவளுக்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். எனக்கு அவசரமில்லை. வாசித்து முடிக்கிற நாளில், அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை என்பது அவளுக்கே விளங்கும்.