நாலு கறுப்புக் கிளாஸ்

— கறுப்புக் கிளாஸ் எதுக்குடா? பீரோட நிறம் தெரிய வேணாமா?

— நாளைக்குப் பீர் போட்டிக்கு வர்ற நடுவருங்க இதுலதான் குடிப்பாங்களாம்க்கா. நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். நாமளும் பழகிக்குவோமே.

— எப்பவும் நீதானே மொதல்ல குடிப்பே?

— இன்னைக்கு நீ ஆரம்பி. இந்தப் பீப்பா ரூம்லயே பெரிய மூக்கு உன்னுதுதான்.

— ஐஸ் வெக்காதடா. ம்... இது செர்ரி. ரெண்டு வருஷம் ஓக் மரத்துல ஊறினது. கொட்டையோட வாசனைகூட லேசா வருது.

— ரெண்டாவது?

— ராஸ்பெரி. புளிப்பு கொஞ்சம் தூக்கல்.

— மூணாவது?

— ப்ளம். இனிப்பு அடியில நிக்குது.

— நாலாவது?

— பழமே போடாதது. புளிப்புப் பீருக்குப் பேர் போன பெல்ஜியத்துக்காரங்களே இது நம்ம வீட்டுதுன்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க. பரீட்சை முடிஞ்சுதா வாத்தியாரே?

— முடிஞ்சுதுக்கா. நாலும் ஒரே பீப்பா. ராஸ்பெரி. ஒண்ணு மட்டும் குருட்டாம்போக்குல சரியா விழுந்துடுச்சு.

— என்னடா விளையாட்டு இது? கூடப் பொறந்தவளுக்கே வலை விரிக்கிறியா?

— போன வாரம் ப்ளம் பீப்பா கெட்டுப்போய் நெயில் பாலிஷ் வாடை குப்புனு அடிச்சுது. நான் வாய் வெக்கிறதுக்கு முன்னாடியே நீ மூக்கை உள்ள விட்டுட்டு, "ஆஹா, பழம் பேசுது"ன்னே. அப்பவே எனக்குத் திக்னு ஆச்சு. சொல்லுக்கா. எத்தனை நாளா?

— ...ஒரு வருஷமா. அந்தக் காய்ச்சல்லேர்ந்து. புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும். பழம் எது, மரம் எதுன்னு ஒண்ணுமே தெரியல.

— அப்புறம் எப்படி இத்தனை பீப்பாய்க்குச் சரியா சொன்னே?

— உன் மூஞ்சியப் பார்த்துத்தான். நல்லா இருந்தா உன் புருவம் மேல ஏறும். கெட்டிருந்தா கிளாஸைத் தள்ளி வெப்பே.

— ஊரே உன் மூக்கைக் கொண்டாடுது. நான் பீப்பா கழுவுறவன்னு ஓரமா நிக்குறேன். வயிறு எரியுதுக்கா.

— கத்தாதடா. வெளிய ஆளுங்க இருக்காங்க.

— இருக்கட்டும். என் பீச் பழப் பீப்பாவை மறந்துட்டியா? நான் தனியா போட்ட ஒரே பீப்பா. ரெண்டு வருஷம் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன். ரப்பர் வாடை அடிக்குது, கொட்டுடான்னே. எனக்கு அப்படி ஒண்ணும் தெரியல. ஆனா நீ சொல்லிட்டியேன்னு என் கையாலயே சாக்கடையில கொட்டினேன்.

— அதை எதுக்கு இப்போ...

— அதுக்கப்புறம் சொந்தமா ஒண்ணுகூடப் போடல. எனக்கு மூக்கே கிடையாதுன்னு நெனச்சு அடங்கிட்டேன்க்கா. மூக்கில்லாதவ சொன்னதைக் கேட்டு!

— தம்பி...

— அழாதே. சரி விடு. உனக்கே வாசனை தெரியாதப்போ பாவம், ஏதோ பயத்துல உளறிட்டே. வேணும்னு செஞ்சியா என்ன? நாளைக்கு நடுவருங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீ பக்கத்துல நில்லு, போதும். வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு.

— நீ பீச்சைக் கொட்டினதுக்கு அடுத்த மாசம்தான்டா எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. அன்னைக்கு என் மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அவ்வளவு அருமையான ஒரு பீரை நான் போட்டதே இல்லை.